கண்ணில் விழுந்த தூசி

தள்ளி உக்காராதீங்க சார், ஜன்னல் கம்பி முதுகுல குத்தும். நான் குடிச்சிருக்கேன்னுதானே நினைக்கறீங்க? நினைங்க, தப்பில்ல. ஞாயித்துக்கிழமை மத்தியானம் ஒரு வழுக்கைத் தலையன் மணிக்கட்டுல மல்லிப்பூவைச் சுத்திக்கிட்டு, ரம் வாசனையோட பஸ்ல தனியா சிரிச்சிட்டு உக்காந்திருந்தா, நானா இருந்தாலும் வேற சீட்டுப் பாத்துப் போயிருப்பேன். ஆனா வாசனை என்மேல இல்ல சார், மடியில இருக்கற இந்த டப்பாவுல. கேக். பிளம் கேக். ரம்முல ஊற வச்சதாம். நான் ஜென்மத்துல அதை ஒரு சொட்டு தொட்டதில்ல. பேரு கோதண்டபாணி. வாட்டர் ப்யூரிஃபையர் விக்கற ஆளு. ஊருக்கெல்லாம் சுத்தமான தண்ணி கொடுக்கறவன், நம்புங்க.

அதோ, டிரைவருக்குப் பின்னாடி நீலச் சட்டை தெரியுதா? பக்கத்துல பச்சைச் சேலை? நீலச் சட்டை இன்னாசி. பச்சைச் சேலை அவங்க அக்கா ரோஸ்லின், தூத்துக்குடிலேர்ந்து வந்திருக்காங்க. கேக் இருக்கற பக்கம் உக்கார மாட்டேன்னு அவரு முன்னாடி போயிட்டாரு. நியாயம்தான். குடியை விட்டு இன்னிக்கோட ஒரு வருஷம் ஆகுது. ஒரு வருஷம் சார். வருஷம்னா சும்மா இல்ல, பொங்கல், தீபாவளி, ரெண்டு கல்யாணம், ஒரு சாவு, எல்லாத்தையும் ஒரு சொட்டு இல்லாம தாண்டியிருக்காரு. எனக்குச் சிரிப்பு வராம என்ன பண்ணும்?

அவரு எனக்கு என்ன வேணும்னு நீங்க கேக்கல. பரவால்ல, நானே சொல்றேன். இன்னிக்கு யாரு கிடைச்சாலும் சொல்லணும் போல இருக்கு. நேத்து வரைக்கும் ஒரு வெளி ஆளுகிட்ட இதை நான் சொன்னதில்ல. வில்லிவாக்கத்துல நானும் அவரும் ஒண்ணா இருக்கோம். ஒரே வீடு, ஒரே அடுப்பு, ஒரே கட்டில். புரிஞ்சுதா? புரிஞ்சிருச்சு, கண்ணு பெருசாகுது. எழுந்து போறதுன்னா போங்க, நான் தப்பா நினைக்க மாட்டேன். போகலையா? நல்ல மனுஷன் சார் நீங்க.

எங்க சந்திச்சோம்னா, நுங்கம்பாக்கத்துல ஒரு மொட்டை மாடில. எங்களை மாதிரி ஆளுங்க இந்த ஊர்ல வேற எங்க சந்திக்கறது, டிவி கல்யாண மாலையிலயா பதிஞ்சு வைக்க முடியும்? யாராவது ஒருத்தன் தனியா வீடு எடுத்திருப்பான், சனிக்கிழமை ஆனா எல்லாரும் அங்க கூடுவோம். பாட்டு, ஆட்டம், கேலி, நடுவுல பாட்டில். பாட்டில் இல்லன்னா ஒருத்தன் கையை ஒருத்தன் தொட மாட்டான், அவ்வளவு பயம் உள்ளுக்குள்ள. இன்னாசியும் ரெண்டு ரவுண்டு போனப்புறம்தான் என் கையைப் பிடிச்சாரு. அதனால ரொம்ப நாளைக்கு எனக்கு அந்தப் பாட்டில் மேல ஒரு நன்றியே இருந்துச்சு. அது என் வீட்டுக்கே குடிவந்து, ஹார்பர் வேலையைத் தின்னு, அவரு உடம்பைத் தின்னு, கடைசில அவரு பாத்ரூம்ல விழுந்து மண்டை உடைஞ்சப்போதான் நன்றி போச்சு.

விட்டாரு. விட்டதும் என்ன ஆச்சுன்னா, சனிக்கிழமையும் கூடப் போயிருச்சு. நம்ம ஆளுங்க பாவம், நல்லவங்கதான், வாங்க வந்து ஜூஸ் குடிங்கன்னு கூப்பிடுவாங்க. போக முடியுமா? அந்த மாடிப்படி ஏறினாலே அவருக்குப் பாட்டில் ஞாபகம் வந்துரும். இந்த ஊர்ல நாங்க நாங்களா இருந்த ஒரே இடம் அது. அதையும் சேர்த்து விட்டாரு மனுஷன். நாங்க ரெண்டு பேரும் சனிக்கிழமை சாயந்திரம் வீட்ல உக்காந்து வெண்டைக்காய் நறுக்குவோம். எனக்கு அதுவே சொர்க்கம், அவருக்கு எப்படியோ, வாயைத் திறந்து சொல்ற ஆளு இல்ல.

புரசைவாக்கத்துல ஒரு ஸ்கூல்ல, லீவு நாள்ல குடியை விட்டவங்க கூட்டம் நடக்கும். அவங்க ஒரு வகுப்புல. பக்கத்து வகுப்புல அவங்க வீட்டு ஆளுங்க கூட்டம். குடிக்கறவனைக் கட்டி மேச்சவங்களுக்கும் மருந்து வேணும் இல்லையா? மூணாம் கிளாஸ் பிள்ளைங்க பெஞ்சுல முட்டி இடிக்க உக்காரணும். மொத நாள் எட்டிப் பாத்தா எல்லாம் பொம்பளைங்க. எல்லாம் சம்சாரங்க. நடுவுல நான் ஒருத்தன். நீங்க யாருக்காக வந்திருக்கீங்க தம்பின்னு கோமளவல்லி அக்கா கேட்டாங்க. அங்க தலைவின்னு யாரும் கிடையாது, ஆனா கோமளா அக்கா எழுந்தா எல்லாரும் எழுந்துப்பாங்க. நான் யோசிக்காம, எங்க பெரியப்பா பையனுக்காக வந்திருக்கேன்க்கா, அண்ணன் முறைன்னுட்டேன்.

யோசிச்சுப் பாருங்க சார். நான் கோதண்டபாணி, நெத்தியில சூர்ணம் இட்டிருக்கேன். எங்க பெரியப்பா பையன் பேரு இன்னாசி, கழுத்துல சிலுவை. ஒருத்தர், ஒரே ஒருத்தர் ஏன் எப்படின்னு கேக்கல. எனக்கே ஆச்சரியம். அப்புறம் நினைச்சேன், நம்ம வியாபாரப் பேச்சு அப்படி, நாம என்ன சொன்னாலும் ஜனங்க நம்பிடறாங்க.

அதுலேர்ந்து வாராவாரம் போயிருவேன். எங்க அண்ணன் இப்படி, எங்க அண்ணன் அப்படின்னு பேசுவேன். அவரு தூக்கத்துல புரண்டு படுத்தாக் கூட எனக்கு முழிப்பு வந்துருதுக்கான்னு ஒருநாள் சொன்னேன். அஞ்சுகம் அக்கான்னு ஒருத்தங்க, கண்ணைத் துடைச்சிக்கிட்டு, எனக்கும் அப்படித்தான் தம்பின்னாங்க. ஒரு வருஷம் அத்தனை பொம்பளைங்களையும் ஏமாத்தியிருக்கேன் சார். எனக்கு உள்ளுக்குள்ள கொஞ்சம் கர்வம் கூட உண்டு.

கூட்டத்துல கத்துக்கறது ஒண்ணு, கூட்டம் முடிஞ்சு டீ குடிக்கறப்போ கத்துக்கறது இன்னொண்ணு. உள்ள என்ன சொல்வாங்க? அவரை வேவு பாக்காதே, உன் வேலையைப் பாருன்னு. வெளிய வந்தா பேச்சே மூக்கைப் பத்திதான். புருஷன் வீட்டுக்கு வந்ததும் வாயை எப்படி மோந்து பாக்கறதுன்னு ஒவ்வொருத்தரும் ஒரு வித்தை வச்சிருக்காங்க. நேரா ஊதுன்னு சொல்லக்கூடாது, சொன்னா சந்தேகப்படறியான்னு அதுவே சாக்கு, நேரா கடைக்குப் போயிருவான். அஞ்சுகம் அக்கா குழம்புல உப்பு இருக்கா பாருங்கன்னு கரண்டியை வாய்கிட்ட கொண்டு போய் அப்படியே மூக்கையும் கொண்டு போயிருவாங்க. கோமளா அக்கா அவங்க வீட்டுக்காரர் சபாபதி அண்ணன் சட்டைக் காலர்ல நூல் எடுப்பாங்க. அவரு பதினாலு வருஷமா தொடல, இன்னும் நூல் எடுத்துக்கிட்டுதான் இருக்காங்க.

என் வித்தை என்னன்னு கேளுங்க. அவரு கதவைத் திறந்துட்டு உள்ள வருவாரு. நான் கண்ணைக் கசக்கிக்கிட்டு நிப்பேன். கண்ணுல தூசி விழுந்துருச்சு, கொஞ்சம் ஊதி விடுங்கம்பேன். அவரு என் மூஞ்சியைப் பிடிச்சிக்கிட்டு, இமையை விரிச்சு, பூ மாதிரி ஊதி விடுவாரு. நான் மூச்சை இழுத்துக்குவேன். டீ வாசனை, பொடி தோசை வாசனை, அவ்வளவுதான். அன்னிக்கு நிம்மதி. நான் சந்தேகப்படற ஆளே இல்ல சார். ஒரு நாளைக்கு ரெண்டு தடவை, மழைக்காலத்துல மூணு. அவருக்கு இதெல்லாம் தெரியவே தெரியாது. வெள்ளை மனசு. ஒருநாள் மட்டும், நம்ம வீட்ல ஏன் பாணி இவ்வளவு தூசின்னு கேட்டாரு. ரோட்டுப் பக்கம் வீடு, பெருக்கறேன்னுட்டேன்.

சரி, விஷயத்துக்கு வர்றேன். குடியை விட்டு ஒரு வருஷம் ஆனா கூட்டத்துல அதுக்குப் பேரு பிறந்தநாள். அன்னிக்கு ரெண்டு கூட்டமும் ஒண்ணா உக்காரும். கேக் வெட்டுவாங்க. ஒரு மெடல் கொடுப்பாங்க. அதை யாரு வேணா கொடுத்துட முடியாது. வீட்டு ஆளுதான் கொடுக்கணும். பொண்டாட்டி மேடை ஏறி, மெடலைப் புருஷன் கையில வச்சு, ரெண்டு வார்த்தை பேசுவா. அதுக்கு முன்னாடி நம்ம அக்காமாரு எல்லாம் சேர்ந்து அவளுக்கு ஒரு முழம் மல்லிப்பூ வச்சு விடுவாங்க. போடி, இது ரெண்டாம் கல்யாணம்னு கேலி பண்ணுவாங்க. எத்தனை பேருக்கு நானே கை தட்டியிருக்கேன். தட்டறப்போ எல்லாம் நெஞ்சுக்குள்ள ஒண்ணு குறுகுறுங்கும். எனக்கு அந்த மெடலைக் கொடுக்கணும் சார். வேற எதுவும் இந்த ஜென்மத்துல வேணாம். பூ கூட வேணாம், வைக்கவும் இடமில்ல பாருங்க.

ஆனா பெரியப்பா பையனுக்கு நான் கொடுத்தா நல்லாவா இருக்கும்? அதனால ஒரு பேச்சுக்கு அவருகிட்ட, உங்க அக்காவை வரச் சொல்லுங்களேன், அவங்கதானே ரத்த சொந்தம்னேன். பேச்சுக்குத்தான் சார். நம்ம ஊர்ல சாப்பிடறீங்களான்னு கேட்டா வேணாம்னு சொல்றதில்லையா, அப்படி, இல்ல பாணி நீதான் கொடுக்கணும்னு சொல்வாருன்னு பாத்தேன். மனுஷன் வெண்டைக்காய் நறுக்கிட்டே சரின்னுட்டாரு. சரியாம், சரி. அன்னிக்கு ராத்திரி சாம்பார்ல நான் ரெண்டு தடவை உப்பு போட்டேன், வேணும்னுதான்.

எனக்கு வருத்தம்லாம் இல்ல. மெடல்தானே போச்சு, கேக் நம்ம கையிலன்னு மனசைத் தேத்திக்கிட்டேன். இன்னாசிக்குப் பிளம் கேக்னா உசுரு, கிறிஸ்மஸுக்கு அவங்க அம்மா செய்வாங்களாம். பேக்கரியில சாதாவா ஸ்பெஷலான்னு கேட்டான். எங்க இன்னாசிக்குச் சாதாவா வாங்குவேன்? ஸ்பெஷல்னேன். ஸ்பெஷல்னா என்னன்னு நான் கேக்கல, அவனும் சொல்லல. மோந்து பாத்திருக்கலாமேன்னு நீங்க கேப்பீங்க. ஊர்ல எல்லாருக்கும் டிசம்பர் மாசம் வர்ற ஜலதோஷம் எனக்கும் வந்துருச்சு. இந்தா, குரல் கேக்கலையா?

இன்னிக்குக் காலைல கூட்டம் நிரம்பிருச்சு. ரோஸ்லின் அக்கா முன் வரிசைல, மெடல் டப்பாவை மடியில வச்சிக்கிட்டு. நான் மேஜை மேல கேக்கை வச்சு மூடியைத் திறந்தேன். பிரார்த்தனைன்னாங்க, எல்லாரும் கண்ணை மூடினாங்க. கண்ணைத்தானே சார் மூட முடியும்? மூக்கை மூட முடியுமா? அங்க இருக்கறதெல்லாம் எப்பேர்ப்பட்ட மூக்கு, வருஷக்கணக்கா பழக்கின மூக்கு. பாதிப் பிரார்த்தனைல கோமளா அக்கா குரல் நின்னுச்சு. அப்புறம் அஞ்சுகம் அக்கா குரல். அப்புறம் ஒவ்வொரு குரலா. நான் ஒத்தை ஆளா சத்தமா சொல்லிக்கிட்டிருக்கேன். கண்ணைத் திறந்து பாத்தா, ஒவ்வொரு பொம்பளையும் அவங்கவங்க புருஷனை முறைச்சிட்டு நிக்கறாங்க.

நான் இல்லடின்னு ஒருத்தர். சத்தியமா இல்லன்னு ஒருத்தர். ஒரு பெரியவர் யாரும் கேக்காமலே உள்ளங்கையில ஊதி அவரே மோந்து பாத்துக்கறாரு. சபாபதி அண்ணன், பதினாலு வருஷம் தொடாத மனுஷன், வெலவெலத்துப் போயி சட்டைக் காலரைத் தூக்கி அக்கா பக்கம் காட்டறாரு. எனக்குச் சிரிப்பு தாங்கல. எவன்டா அந்தப் படுபாவின்னு நானும் சேர்ந்து தேடறேன். இன்னாசி மட்டும் அசையல. கேக்கைப் பாத்துட்டு நாலடி பின்னாடி போய்ச் சுவரோட சாஞ்சி நின்னாரு. மூஞ்சி வெளுத்திருந்துச்சு. அப்போதான் கோமளா அக்கா மோந்துக்கிட்டே மேஜைகிட்ட வந்து, கேக் மேல குனிஞ்சு, நிமிந்து என்னைப் பாத்தாங்க.

சிரிப்பு அங்கயே செத்துப் போச்சு சார். ஒரு வருஷம் அந்த வாயைக் காவல் காத்துட்டு, பிறந்தநாள் அன்னிக்கு நானே அந்த வாயில ரம்மை ஊட்டப் பாத்திருக்கேன். ரோஸ்லின் அக்கா எழுந்து வந்தாங்க. தூத்துக்குடிக்காரங்க கோவப்பட்டா எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியுமா?

“யாரு நீங்க? குடியை விட்டவன் விசேஷத்துக்கு இதைக் கொண்டாந்து வச்சிருக்கிய. எந்தம்பி உங்களுக்கு என்ன வேணும்?”

பெரியப்பா பையன்னு அவங்க அக்காகிட்டயே சொல்ல முடியுமா? ஃப்ரெண்டுன்னு சொல்ல வாய் வரல. இன்னாசி சுவர்லேர்ந்து ஒரு அடி எடுத்து வச்சாரு, ஏதோ சொல்ல வந்தாரு. அதுக்குள்ள கோமளா அக்கா பேசிட்டாங்க.

“எனக்கு எங்க வீட்டுக்காரர் என்ன வேணுமோ, இந்தத் தம்பிக்கு இன்னாசி அதுதாம்மா வேணும். ஒரு வருஷமா வாராவாரம் பாக்கறோம்ல.”

நான் கீழ பாத்துக்கிட்டே நின்னேன். அவங்களுக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னு எனக்கு இன்னும் புரியல. இன்னிக்கு என் மூஞ்சி வெளுத்ததைப் பாத்து அந்த நிமிஷம் கண்டுபிடிச்சிருப்பாங்க, கெட்டிக்காரங்க. ரோஸ்லின் அக்கா என்னையே பாத்தாங்க. வழுக்கை, சூர்ணம், மூக்கு ஒழுகுது. பாக்க அப்படி ஒண்ணும் லட்சணமா இருந்திருக்க மாட்டேன்.

“போன் பண்ணி சாப்ட்டியாலன்னு கேட்டா, பாணி இட்லி வச்சிருக்கான், பாணி மீன் ஆக்கிருக்கான்னு சொல்லுவான். அந்தப் பாணி நீங்கதானா?”

ஆமாக்கான்னேன். எனக்கு இதெல்லாம் விளங்காது, ஜெபத்துல கேக்கணும்னாங்க ரோஸ்லின் அக்கா. கேட்டுட்டுதான் முடிவு சொல்வாங்களோன்னு பாத்தேன். இல்ல. மெடல் டப்பாவை என் கையில திணிச்சாங்க. நான் நாளைக்கு ரயிலேறிருவேன், கூட இருந்து பாத்தவுகதான் குடுக்கணும்னுட்டு முன் வரிசைல போய் உக்காந்துட்டாங்க.

கோமளா அக்கா கைப்பையிலேர்ந்து வாழையிலைப் பொட்டலத்தை எடுத்துப் பிரிச்சாங்க. பூ. முழம் இல்ல சார், பாருங்க, சாண் நீளம்தான். பூக்காரம்மாகிட்ட கை அளவுக்குன்னு சொல்லி வெட்டி வாங்கினாங்களாம். தலையில வைக்க வழியில்லன்னு. காலைல வர்றப்பவே வாங்கினாங்களாம். அது எப்படின்னுதான் எனக்குக் கணக்கு உதைக்குது. அஞ்சுகம் அக்கா மணிக்கட்டுல சுத்திக் கட்டிட்டு, போடா தம்பி, ரெண்டாம் கல்யாணம்னாங்க. எங்களுக்கு மொத கல்யாணமே ஆகலக்கான்னேன். அந்தச் சிரிப்பு இருக்கே சார், ஓட்டேரி வரைக்கும் கேட்டிருக்கும்.

கேக்குக்குப் பதிலா சபாபதி அண்ணன் ஓடிப்போய் டீக்கடைலேர்ந்து ஒரு பன் வாங்கிட்டு வந்தாரு. அதுல மெழுகுவத்தி குத்தினாங்க. மேடை ஏறினேன். மெடலை அவரு உள்ளங்கையில வச்சேன். ரெண்டு வார்த்தை பேசணும்ல, ஊரெல்லாம் பேசி விக்கறவனுக்கு ஒரு வார்த்தை வரல. கண்ணுலேர்ந்து பொலபொலன்னு கொட்டுது. துடைக்கத் துடைக்கக் கொட்டுது. அப்போ இன்னாசி, எண்ணி எண்ணிப் பேசற மனுஷன், அத்தனை பேருக்கு முன்னாடி என் மூஞ்சியை ரெண்டு கையால பிடிச்சாரு.

“கண்ணுல தூசியா பாணி?”ன்னாரு.

கேட்டுட்டு, இமையை விரிச்சு, ஊதினாரு. எப்பவும் மாதிரி மெதுவா இல்ல. நல்லா, நீளமா, நெஞ்சுலேர்ந்து ஊதினாரு. தெரிஞ்சிருக்கு சார். இத்தனை நாளும் தெரிஞ்சேதான் ஊதியிருக்காரு. அக்காமாரு அத்தனை பேரும் சிரிச்சிக்கிட்டே அழறாங்க, அவங்களுக்குத் தெரியாத வித்தையா? சபாபதி அண்ணன் பொண்டாட்டியைத் திரும்பிப் பாத்தாரு. அக்கா நூல் எடுக்க அவரு காலர்ல வச்சிருந்த கையை எடுத்துட்டாங்க.

அயனாவரம் தாண்டியாச்சா? பேச்சுல தெரியல. வில்லிவாக்கம் மார்க்கெட்ல மீன் வாங்கணும், ரோஸ்லின் அக்கா சாப்பிட வர்றாங்க. மொத தடவையா வீட்டுக்கு வர்றாங்க. ஒரே கட்டில் இருக்கே, பாத்தா என்ன சொல்வாங்கன்னு காலைலன்னா பயந்திருப்பேன். இப்போ வஞ்சிரமா வவ்வாலா, அதுதான் கவலை. இந்தக் கேக்கை நீங்க வாங்கிக்கங்க சார். குடிப்பழக்கம் இல்லையே? இருந்தா கேக் வேணாம், ஞாயித்துக்கிழமை புரசைவாக்கம் வாங்க. இல்லன்னா எடுத்துக்கங்க, நல்ல நெய்யில செஞ்சது. அதோ, கையை ஆட்டறாரு, எறங்கணுமாம்.

என்ன சார்? அவரு ஊதினப்போ என்ன வாசனை வந்துச்சா?

நல்லாக் கேட்டீங்க. ஜலதோஷம்னு சொன்னேன்ல, மூக்கு கல்லு மாதிரி அடைச்சிருக்கு. டீயா, பன்னா, வேற எதுவான்னு ஒண்ணுமே தெரியல. தெரியாட்டியும், தூசி போயிருச்சுன்னு சொல்லிட்டேன்.